இணையத்தில் ‘நூற்றில் ஒருத்தி’, வீட்டில் ‘அழுத்தக்காரி’

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன்பு இணையத்தில் பதினாறு ஆளுமை வகைத் தேர்வு எழுதினேன். ஐ.என்.எஃப்.ஜே. என்று வந்தது. விவரத்தைப் படித்தபோது யாரோ கூடவே இருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. போன மாதம் மறுபடி எழுதினால் ஐ.என்.டி.ஜே. என்கிறது. இரண்டுமே பெண்களில் மிக அபூர்வமாம். பெருமையாகவும் இருக்கிறது, என்னிடம் ஏதோ கோளாறோ என்று பயமாகவும் இருக்கிறது. விசேஷ வீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் எழ முடிவதில்லை. அத்தை ‘அழுத்தக்காரி’ என்கிறார். அப்ரைசலில் ‘மீட்டிங்கில் பேசுவதில்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் தங்கள் கஷ்டத்தை என்னிடம்தான் கொட்டுகிறார்கள். பத்து வருடத் தோழியை ஆறு மாதத்துக்கு முன்பு ஒரே நாளில் பிளாக் செய்துவிட்டேன். காரணம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்றன்று பேசியதெல்லாம் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை மண்டைக்குள் ஓடுகிறது. நான் எந்த வகை? கவுன்சலிங்தான் எனக்குப் பொருந்தும் என்று எல்லாத் தளங்களும் சொல்கின்றன. வேலையை விட்டுவிட்டு அதைப் படிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு தேர்விலும் மூன்று எழுத்து மாறவில்லை. மாறியது எஃப் இருந்த இடம் மட்டும். அந்த ஓர் அளவில் நீங்கள் நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறீர்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

இந்தத் தேர்வில் நான்கு அளவுகோல் உண்டு: தனிமையில் தெம்பு பெறும் அகமுகமா (ஐ), கூட்டத்தில் தெம்பு பெறும் புறமுகமா (இ); நேரில் தெரியும் விவரமா (எஸ்), அதன் பின்னால் உள்ள தொடர்பா (என்); முடிவெடுக்கத் தர்க்கமா (டி), மனிதர்களின் மனமா (எஃப்); முடிவு செய்துவிடுவதா (ஜே), திறந்து வைத்திருப்பதா (பி). ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, அந்தப் பக்கம் விழுந்தால் ஓர் எழுத்து, இந்தப் பக்கம் விழுந்தால் வேறோர் எழுத்து தருகிறார்கள். மனிதர்களின் குணமோ உயரத்தைப் போலத்தான்: மிகக் குள்ளமும் மிக நெட்டையும் கொஞ்சம், பெரும்பாலானோர் நடுவாந்தரம். ஐந்தடி இரண்டு அங்குலத்தில் கோடு கிழித்து மேலே இருப்பவரெல்லாம் ‘உயரம்’, கீழே இருப்பவரெல்லாம் ‘குள்ளம்’ என்று இரண்டு ஜாதியாக்கினால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருப்பார். ஐந்து வாரம் கழித்து இதன் மூலத் தேர்வை மறுபடி எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறியதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. நீங்கள் எழுதியது இரண்டு வருட இடைவெளியில். அதுவும் இரண்டாவது முறை, அப்ரைசல் முடிந்த கையோடு. ‘முடிவெடுக்கும்போது தர்க்கத்தைப் பார்ப்பீர்களா, மனிதர்களைப் பார்ப்பீர்களா’ என்ற கேள்விக்கு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த மனது ஒரு பதில் சொல்லும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மனது வேறு பதில் சொல்லும். பழைய முடிவுப் பக்கம் இருந்தால் எழுத்தைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள். 45-க்கும் 55-க்கும் நடுவில் இருக்கிற எதையும் ‘இரண்டும் கலந்தவள்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அபூர்வம் என்ற சொல் உங்களை இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதன் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய மையர்ஸ்–பிரிக்ஸ் வினாத்தாள்தான் நீங்கள் எழுதியதற்கு மூலம். இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்லர். 1998-இல் வந்த அதன் கையேட்டில் உள்ள அமெரிக்க மாதிரிக் கணக்குப்படி ஐ.என்.எஃப்.ஜே. மொத்தத்தில் 1.5 சதவீதம், பெண்களில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆண்களில் கொஞ்சம் குறைவு. ஆக, அது பெண்களுக்கென்று அபூர்வமான வகை இல்லை, எல்லோருக்குமே அபூர்வம். பெண்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போவது ஐ.என்.டி.ஜே.தான், ஆண்களில் அதே வகை மூன்று சதவீதத்துக்கு மேல். இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் உங்களுக்கு மாறிய அதே எழுத்து. பெண்களில் நான்கில் மூன்று பேர் எஃப் பக்கம் பதில் சொல்கிறார்கள். பிறவியிலேயே அப்படியா, ‘பொம்பளைப் புள்ளை நாலு பேர் மனசு பார்த்து நடக்கணும்’ என்று வளர்த்ததால் அப்படியா என்பதை வினாத்தாள் பிரித்துச் சொல்லாது. ஆரம்பகாலப் பதிப்புகளில் இந்த ஓர் அளவுக்கு மட்டும் ஆண்களுக்கு ஒரு மதிப்பெண் முறையும் பெண்களுக்கு வேறு முறையும் வைத்திருந்தார்கள். கோட்டை நகர்த்தினால் அபூர்வமும் கூடவே நகரும்.

இன்னொன்று. அமெரிக்கக் கணக்கை இங்கே பொருத்தக் கூடாது. ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் சுமார் 3.6 கோடி. அதில் 1.6 சதவீதம் என்றால் ஐந்தே முக்கால் லட்சம் பேர். அப்போதைய திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகையையே தாண்டுகிற கூட்டம். கோளாறு என்று பயப்படவும் வேண்டாம், ஊரில் தனியாக நிற்கும் ஒற்றைப் பனை என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

‘கூடவே இருந்து பார்த்து எழுதியதுபோல’ என்றீர்களே, அதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவுத் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்கள் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘வெளியே அமைதி, உள்ளே ஆழம். பிறரைப் புரிந்துகொள்வீர்கள், உங்களைப் புரிந்துகொள்பவர் குறைவு’ என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? ராசிபலனில் ‘உழைப்புக்கேற்ற அங்கீகாரம் இல்லை’ என்று போட்டால் பன்னிரண்டு ராசிக்காரரும் தலையாட்டுவது இதே கதைதான். உங்களுக்கு எதுவுமே பொருந்தவில்லை என்று சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் பொருந்துவதைக் கழித்துவிட்டு, உங்களுக்கென்று மிச்சம் நிற்பது எது என்று பார்க்க வேண்டும்.

கடிதத்தை வைத்துப் பார்த்தால் மூன்று விஷயம் நிற்கிறது: கூட்டத்தில் களைப்பு, நேரில் தெரியாததை ஊகிக்கும் பழக்கம், முடிவு தெரியாமல் இருக்க முடியாமை.

இதில் ஊகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. என் என்ற எழுத்து இன்ட்யூஷனைக் குறிக்கிறது. தமிழில் அதை ‘உள்ளுணர்வு’ என்று எழுதுகிறார்கள். உடனே நமக்கு ‘மனசுல ஏதோ பட்டுச்சு, அப்படியே நடந்துச்சு’ என்பது ஞாபகம் வருகிறது. தேர்வு கேட்பது அதை இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் விவரத்தில் உங்கள் கவனம் நிற்கிறதா, அல்லது விவரங்களுக்குப் பின்னால் ஓடும் தொடர்பிலும் பொருளிலும் நிற்கிறதா என்றுதான் கேட்கிறது. மென்பொருளில் கோளாறு என்று வரும் ஒரு பக் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ‘இது இந்தத் திரையின் கோளாறு இல்லை, பழைய ரிலீஸில் மாற்றியதன் எதிரொலி’ என்று உங்களுக்குத் தோன்றினால் அது இன்ட்யூஷன். ‘அத்தை தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார், என்மேல் கோபம்’ என்று தோன்றுவதற்கும் மனது அதே உறுதியைத்தான் தரும். ஆனால் இரண்டும் ஒரே தரமில்லை. ஊகம் எப்போது நம்பத்தக்கதாகும் என்பதற்கு இரண்டு நிபந்தனை சொல்வார்கள்: அந்தச் சூழலில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்க வேண்டும்; சொன்னது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். டெஸ்டிங்கில் இரண்டும் இருக்கிறது. அத்தையின் முகத்தில் இரண்டும் இல்லை. அவரிடம் நீங்கள் கேட்டுப் பார்த்ததே இல்லை.

அதனால் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஒரு மாதம், நாளைக்கு ஓர் ஊகம் போதும். தேதி, என்ன தோன்றியது, எத்தனை சதவீதம் நிச்சயம், எந்தத் தேதிக்குள் தெரியும் என்று நான்கு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் நடந்ததை எழுதுங்கள். ஊகம் தோன்றிய அன்றே எழுத வேண்டும். நடந்த பிறகு எழுதினால் ‘எனக்கு முன்னாடியே தெரியும்’ என்று மனது கணக்கைத் திருத்திவிடும். பெரும்பாலானோர் இதை நாலாம் நாள் விட்டுவிடுகிறார்கள், ஊகம் தப்பிய பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல். தொடர்ந்தால், எந்தத் துறையில் உங்கள் மூக்கு கூர்மை, எங்கே அது பயத்தை மோப்பம் பிடிக்கிறது என்று முப்பது நாளில் தெரிந்துவிடும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. இரவு இரண்டு மணி வரை பேச்சு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அகமுகத்தின் அடையாளம் இல்லை. அந்த நான்கு எழுத்தில் எதிலுமே வராது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘பிக் ஃபைவ்’ அளவில் ஐந்து குணங்கள் உண்டு. 1989-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது மையர்ஸ்–பிரிக்ஸின் நான்கும் அதில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போயின. ஐந்தாவதற்கு ஜோடி இல்லை. அந்த ஐந்தாவது, கவலைக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் எவ்வளவு எளிதில் ஆளாகிறோம் என்பது; நியூரோட்டிசிசம் என்பார்கள். சில இலவசத் தளங்கள் நான்கெழுத்துக்குப் பின் ஒரு கோடு போட்டு ஏ (எளிதில் பதறாதவர்) அல்லது டி (எளிதில் பதறுபவர்; தர்க்கத்தின் டி இல்லை) என்று ஒட்டுவது இந்த ஓட்டையை அடைக்கத்தான். மூலத் தேர்வில் அது கிடையாது. இதனால் என்ன ஆகிறதென்றால், பதற்றத்தில் தவிக்கும் பெண் அதற்கான பெயரைத் தேர்வில் காணாமல், ‘நான் அபூர்வ வகை, அதனால்தான் இப்படி’ என்று அதையும் வகைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறாள். வருடக்கணக்கில் சிகிச்சை தள்ளிப்போவது இப்படித்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். அடுத்த வளைகாப்பு, காதுகுத்துக்கு அழைப்பு வரும்போது கவனியுங்கள். போவதற்கு முந்தின நாள் எப்படி இருக்கிறது, அங்கே எப்படி, வந்த பிறகு எப்படி? அகமுகம் என்றால் முந்தின நாள் பெரிதாக ஒன்றும் இருக்காது, ‘போகணுமா’ என்ற சலிப்புதான். அங்கே முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போகும். பிறகு பேட்டரி இறங்கும். வீட்டுக்கு வந்து தனியாகக் கொஞ்ச நேரம் இருந்து, ஓர் இரவு தூங்கினால் மறுநாள் சரியாகிவிடும். பதற்றம் என்றால் மூன்று நாள் முன்பே வயிறு பிசையும். அங்கே ‘என்ன பேசினேன், தப்பாகப் பேசிவிட்டேனா’ என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வந்த பிறகும் ஓடும். போகாமல் தவிர்த்துவிட்டால் அன்றைக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அடுத்த அழைப்பு முன்னைவிடக் கனமாகத் தெரியும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்வதுதான் இதில் முக்கிய அடையாளம். ஓய்வில் தீர்வது ஒன்று, ஓய்வில் வளர்வது மற்றொன்று. உங்களிடம் இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் ஊகம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி.–7 என்று ஏழு கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும்; மொத்தம் 21. ஐந்தைத் தொட்டால் லேசான பதற்றம், 10-ஐத் தொட்டால் நேரில் ஆலோசனை, 15-ஐத் தொட்டால் தள்ளிப்போடவே கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார்க்கப் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள்; கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எந்த நேரத்திலும் பேச 14416 என்ற அரசின் டெலி மனஸ் எண் இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தாலோ தைராய்டு மந்தமாக இருந்தாலோ, விசேஷத்துக்குப் போய் வந்த பிறகு இரண்டு நாள் எழ முடியாமல் போக வேறெந்த வகைப் பெயரும் தேவையில்லை. ஓர் இரவில் தீர வேண்டிய களைப்பு உங்களுக்கு இரண்டு நாள் நிற்கிறது என்பதால்தான் சொல்கிறேன்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறு வயது முதலே சத்தம், வெளிச்சம், துணியின் உறுத்தல் தாங்காது, மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பாடம் செய்துதான் பேசுகிறேன் என்றெல்லாம் இருந்தால், ஆட்டிசம் பற்றியும் ஆலோசகரிடம் கேளுங்கள். பெண்களிடம் அது மறைந்தே கிடந்து பெரியவர்களான பிறகு தெரிய வருவது உண்டு. உங்கள் கடிதத்தில் அதற்கான குறி எதுவும் இல்லை; இதே கேள்வியோடு படிக்கும் வேறொருவருக்கு உதவும்.

தூக்கத்துக்கு இன்றே தொடங்கலாம். மாலை ஏழரைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மனதில் ஓடும் பேச்சுகளை எழுதுங்கள். இடது பக்கம் நடந்தது, அதாவது கேமரா வைத்திருந்தால் பதிவாகியிருக்கக் கூடியது மட்டும். வலது பக்கம் நீங்கள் அதற்குக் கொடுத்த பொருள். ‘தட்டைச் சத்தமாக வைத்தார்’ இடது. ‘கோபம்’ வலது. படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தோராயம் போதும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். முதல் வாரம் இன்னும் மோசமாகத் தோன்றும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரமாவது கொடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். ‘அழுத்தக்காரி’ என்பது மௌனத்துக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பெயர். பேசாமல் இருப்பவள் உள்ளே எதையோ வைத்திருக்கிறாள் என்று பொருள். மூடிய கதவுக்கும் இதே கதிதான்; கூட்டுக் குடும்பத்தில் சாத்திய கதவு என்றால் கோபம். நீங்கள் ஓய்வெடுக்கிறீர்கள், அவர்கள் தண்டனை கொடுக்கிறீர்கள் என்று வாசிக்கிறார்கள். ‘எனக்கு ஸ்பேஸ் வேணும்’ என்ற வாக்கியம் இங்கே எடுபடாது. கேட்பவருக்கு ‘நீங்க வேண்டாம்’ என்றே காதில் விழும். நேரம் சொல்லுங்கள், திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்து. கணவரிடம்: “ஆறே முக்காலுக்கு வந்து எல்லாரோடயும் காப்பி குடிச்சிடறேங்க. அப்புறம் அரை மணி நேரம் மொட்டை மாடியில இருப்பேன். ஏழரைக்கு நானே கீழ வந்துடறேன்.” அத்தையிடம் விளக்கம் வேண்டாம், வந்ததும் முதல் பத்து நிமிடத்தை அவரோடு செலவழியுங்கள். ‘இன்னைக்கு என்ன குழம்பு வெச்சீங்க அத்தை, கால் வலி பரவாயில்லையா’ போதும். மேலே போவதற்கு முன் கொடுத்த பத்து நிமிடம், வந்த பிறகு கொடுக்கும் ஒரு மணி நேரத்தைவிட அதிகமாக வேலை செய்யும். இது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஏழரைக்கு வராமல் எட்டேகாலுக்கு வருவது. இரண்டு தடவை அப்படி ஆனால் அந்த அரை மணி நேரம் யாருக்கும் பிடிக்காததாகிவிடும். இரண்டு, மாடியில் போனை எடுப்பது. ரீல்ஸில் இருநூறு முகம் பார்த்துவிட்டு இறங்கினால் அது இன்னொரு விசேஷ வீட்டுக்குப் போய் வந்த மாதிரிதான். ஏழரைக்கு நோட்டு எழுதுவதாக இருந்தால் அதையும் மாடியிலேயே முடித்துவிட்டு, இறங்கும் நேரத்தை ஏழே முக்காலாகச் சொல்லுங்கள்.

விசேஷ வீட்டில் சும்மா நாற்காலியில் உட்காராதீர்கள். உட்கார்ந்திருப்பவளிடம்தான் ‘இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா’ என்று வந்து நிற்பார்கள். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர் கொடுக்க நின்றால் ஒவ்வொருவரிடமும் இரண்டு வாக்கியம்தான் பேச வேண்டும், அடுத்தவர் வந்துவிடுவார். அதைவிட உத்தமம் பூக் கட்டுவது. கை வேலையில் இருக்கும், கண் பூவில் இருக்கும், பேச்சு தானாக வந்து தானாக அடங்கும். பேசாமல் இருந்தால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாம்பூலப் பை போடுவதும் அப்படியே. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். அழுகிற குழந்தை ஒன்றை வாங்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வரும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. முழு நாளும் கலகலப்பாக நடிக்க முயல வேண்டாம். கொஞ்ச நேரம் கலகலப்பாக இருந்தால் அகமுகிகளுக்கும் மனநிலை உயர்கிறது, அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உயர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையே ஒரு வாரம் முழுக்கச் செய்யச் சொன்ன 2019 ஆஸ்திரேலிய ஆய்வில், மிகுந்த அகமுகிகளுக்குக் களைப்பும் ‘நான் நானாக இல்லை’ என்ற உணர்வும்தான் மிஞ்சின. முதல் முக்கால் மணி நேரத்தை நன்றாகக் கொடுங்கள். பார்த்தவர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அலுவலகம் எளிது. மீட்டிங்கில் கடைசியில் பேசலாம் என்று காத்திருந்தால் அதற்குள் மற்றவர்கள் எல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம், அது கேள்வியாக இருந்தாலும் போதும். நீளமாகச் சொல்ல வேண்டியதை மீட்டிங்குக்கு முன்பே மூன்று வரியில் மெயிலாகப் போட்டுவிட்டு, அங்கே ‘காலையில் அனுப்பியதில் இரண்டாவது புள்ளி’ என்று தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை மேலாளருக்கு ஐந்து வரி: முடித்தது, கண்டுபிடித்தது, அடுத்த வாரம் தடங்கல் வரக்கூடிய இடம். உங்கள் ஊகம் பலிக்கும் இடமும் அந்தக் கடைசி வரிதான். ‘பேசுவதில்லை’ என்று எழுதியவர்கள் அடுத்த அப்ரைசலில் எதை எழுதுவது என்று தேட வேண்டியிருக்காது.

எல்லோரும் உங்களிடம் கொட்டுகிறார்கள் என்பது பெருமையான விஷயம்தான், ஆனால் அதற்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். பிறர் துயரத்தைக் கண்டு ‘ஐயோ, என்ன செய்யலாம்’ என்று தோன்றுவது ஒன்று; அதைக் கேட்டு நமக்கே நெஞ்சு படபடப்பது மற்றொன்று. இரண்டையும் ‘இரக்க குணம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். முதலாவது உதவும். இரண்டாவது அதிகமானால் உதவ முடியாது, ஓடத்தான் தோன்றும். யாராவது ஆரம்பிக்கும்போதே “சும்மா கேட்கணுமா, யோசனை சொல்லணுமா?” என்று கேட்டுவிடுங்கள். பாதிக் களைப்பு, கேட்காத யோசனையை யோசித்து யோசித்து வருவது. இருபது நிமிடம் ஆனதும், “இதை நான் மறக்க மாட்டேன். இப்ப வேலை இருக்கு, வியாழக்கிழமை பேசலாம்.” வியாழக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் யாருடைய கண்ணீரும் வேண்டாம். அது அப்படியே ஒரு மணிக் கச்சேரிக்குப் போய்விடும்.

இப்போது வேலையை விடும் கேள்வி. விடாதீர்கள். வகைக்கேற்ற தொழில் பட்டியல்களுக்கு ஆதாரம் மெலிவு. 1991-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு, தொழில் ஆலோசனையில் இந்தத் தேர்வைப் பயன்படுத்தப் போதிய ஆதாரமில்லை என்றே எழுதியது. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. அதோடு, கவுன்சலிங் என்பது நாளைக்கு ஐந்தாறு பேரை, ஒவ்வொருவரையும் முக்கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் கேட்கும் வேலை. கேட்டதைச் சுமந்துகொண்டு தூங்காமல் கிடக்கும் நிலையில் அதற்குள் போனால் ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். ஆசை உண்மையா என்று பார்க்க, பயிற்சி தந்து சேர்த்துக்கொள்ளும் ஏதாவது ஓர் உதவி அமைப்பில் வாரம் ஒரு மூன்று மணி நேரம், ஆறு மாதம் தன்னார்வலராக இருங்கள். ஆறாம் மாதம் திங்கட்கிழமை காலையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் தூக்கம் சரியான பிறகு.

கடைசியாக அந்தத் தோழி. ஐ.என்.எஃப்.ஜே. பெண்கள் ஒரே நாளில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று இணையத்தில் ஒரு புகழ் உண்டு. ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை. பலருக்கு அது வசதியான சாக்காகிவிடுகிறது. நடப்பது வேறு. முதல் தடவை வலித்தபோது சொல்வதில்லை, இரண்டாவது தடவை ‘அவளுக்கே தெரியணும்’ என்று காத்திருக்கிறோம், ஒன்பதாவது தடவை சாத்துகிறோம். நம் கணக்கில் ஒன்பது, அவள் கணக்கில் பூஜ்யம். அடித்தவர், பண மோசடி செய்தவர், சொல்லிச் சொல்லியும் அவமானப்படுத்தியவர் என்றால் சாத்தியது சரி, திறக்க வேண்டாம். இவள் அந்த ரகம் என்று நீங்கள் எழுதவில்லை.

இனிமேல் யாரிடமும் வலித்த இரண்டு நாளுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: நடந்தது என்ன, எனக்கு எப்படி இருந்தது, அடுத்த தடவை என்ன வேண்டும். தோழிக்கு முதலில் பிளாக்கை எடுங்கள், எடுத்த கையோடு எதுவும் அனுப்பாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு சுருக்கமாக: “ஆறு மாசமா பேசாம இருந்தேன். காரணம் சொல்லாம போனது என் தப்பு. என் மனசுல இருந்ததை நேர்ல சொல்லணும். உனக்கு விருப்பம்னா ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். இல்லேன்னாலும் புரிஞ்சுக்கறேன்.” பழைய ஒன்பதையும் அதில் எழுதாதீர்கள், நேரில் பார்த்தாலும் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். பதில் வராமலும் போகலாம், பத்து நாள் கழித்தும் வரலாம், இரண்டாவது செய்தி போடாதீர்கள். இரவு ஒரு மணிக்கு எழுதத் தோன்றினால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவது காலைக் காப்பிக்குப் பிறகு.